கொழும்பில் பழச்சோடா வளர்ந்த வரலாறு

மனிதன் பருகும் பொருள்களுள் முதன்மையானது நீர். அந்நீர் தெளிந்ததாயிருத்தல் வேண்டும்; குளிர்ந்ததாயிருத்தல் வேண்டும்; இயலுமாயின் நாவுக்கு இனியதாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்று விருப்பங்களும் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானவை. ஆயின், அவற்றை நிறைவேற்றிக்கொள்ள அவ்வந் நாட்டார் கண்ட வழிகள் வேறு வேறானவை. கொழும்பு மாநகரிலே, சிறப்பாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த மக்களின் இல்லங்களிலே, பழச்சாறும் சீனியும் நுரைக்கும் நீரும் ஒன்றுகூடிப் பழச்சோடாவாகிய வரலாறு சிறியதொரு வரலாறுதான். எனினும் அச்சிறு வரலாற்றினுள்ளே அறிவியலும் வாணிகமும் குடிப்பெயர்வும் அரசியலும் கலந்து கிடக்கின்றன.

பழச்சோடாவைச் சிலர் மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்பர். அது பாதியளவே உண்மை. நுரை மேனாட்டிலிருந்து வந்தது. சுவை இந்நாட்டிலேயே இருந்தது. கோடைகாலத் திருவிழாக்களிலே வழிநடை மக்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்குதல் தமிழரின் பழைய அறம். வெல்லமும் தேசிக்காய்ப் புளியும் ஏலமும் சுக்கும் சேர்ந்த பானகம் கோயில்களிலே படைக்கப்பெற்றுப் பின்னர் அடியவர்களுக்கு வழங்கப்பட்டது. நன்னாரி வேரை அவித்துப் பருகும் வழக்கத்தைத் தமிழரும் அறிவர், சிங்களவரும் அறிவர். சிங்களவர் அதனை இறமுசு என்பர். அரபு மொழியிற் பிறந்த சர்பத்து என்னும் சொல்லையும், அதனோடு இனிப்பும் நறுமணமும் ஊறவைத்த கசகசா விதையும் கூடிய பானத்தையும் முஸ்லிம் மக்கள் புறக்கோட்டைத் தெருக்களிலே நிலைபெறச் செய்தனர். ஆகவே, சோடா வந்து சேர்வதற்கு முன்னரே அதனோடு கலத்தற்குரிய சுவைகள் யாவும் இங்கே ஆயத்தமாக இருந்தன.

நுரையின் வரலாறு இங்கிலாந்திலே தொடங்குகின்றது. 1767 ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் சமயகுரு, தம் இல்லத்துக்கு அயலிலிருந்த பியர் வடிசாலையிலே நொதிக்கும் தொட்டிகளின் மேல் ஒருவகை வாயு படிந்து நிற்பதைக் கண்டார். இரு பாத்திரங்களை அவ்வாயுவினுள்ளே பிடித்து, நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஊற்றினார். நீர் மெல்லிய புளிப்பும் துடிப்பும் பெற்றது. பின்னர், சீமைச் சுண்ணாம்பின்மேல் கந்தகத் திராவகத்தை இட்டு அதே வாயுவைப் பெறும் முறையை விளக்கி, 1772 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவ்வாயுவையே இன்று பாடசாலை மாணவர் காபனீரொட்சைட்டு என்று படிக்கின்றனர். பிரீஸ்ட்லி இதனால் பொருள் ஈட்டினாரல்லர். ஜெனீவா நகரில் 1783 இல் தொழில் தொடங்கி, 1792 இல் இலண்டனுக்குப் பெயர்ந்த ஜேக்கப் ஷ்வெப் என்பவரே இதனை வாணிகமாக்கினார். அக்காலத்தில் இது மருந்தாகவே கருதப்பட்டது. வாயுவோடு சோடியச் சேர்வையும் நீரிற் கலந்தமையால் சோடா என்னும் பெயர் வழங்கலாயிற்று. இக்காலத்துப் போத்தல்கள் பலவற்றில் அந்தச் சோடா இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மருந்து என்னும் நிலையிலே இலங்கைக்கும் இப்பானத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் சிங்கோனாப் பட்டையிலிருந்து பெறப்படுவது. அதன் கசப்பைத் தணித்துப் பருகுவதற்குச் சோடா துணையாயிற்று; இவ்வாறு தோன்றியதே தொனிக் நீர். சிங்கோனா மரம் 1861 இல் ஹக்கலைத் தோட்டத்திற்கு வந்தது. கோப்பிப் பயிரை நோய் அழித்தபின், 1880களில் மலைநாட்டுத் தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். மேனாட்டார் குவளையில் நுரைத்த கசப்பின் ஒரு பகுதி, மலைநாட்டிலே தமிழ்த் தொழிலாளர் கைகளால் உரிக்கப்பட்ட பட்டையிலிருந்து சென்றதாகும்.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையாகிய ஒரு செய்தியை நோக்குதல் வேண்டும். வாயு நீரிற் கரைவது வெப்பநிலையைப் பொறுத்தது. சாதாரண வளிமண்டல அமுக்கத்திலே, 0 பாகை வெப்பத்திலுள்ள ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்ளும். 15 பாகையிலே அது ஒரு லீற்றராகக் குறையும். கொழும்பின் நண்பகல் வெப்பமாகிய 30 பாகையிலோ மூன்றில் இரண்டு பங்கு லீற்றரே கரையும். இலண்டனில் எளிதாகக் கைகூடிய செயல் கொழும்பிலே அரிதாயிற்று. நீரைக் குளிரச் செய்யாது வாயுவைப் புகட்டினால், போத்தலைத் திறந்தவுடனே யாவும் சீறி வெளியேறும். குவளையில் எஞ்சுவது வெறும் இனிப்பு நீரே. ஆகவே, வெப்ப நாட்டிலே சோடாவின் வரலாறு பனிக்கட்டியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தே செல்லவேண்டியதாயிற்று.

பனிக்கட்டி முதலில் கப்பலில் வந்தது. அமெரிக்க நாட்டுப் பொஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833 இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையிலே அப்பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த கட்டடம் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கின்றது. கொழும்பிலோ பனிக்கட்டியை இயந்திரத்தாற் செய்யும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே தோன்றியது. யானை இலச்சினையால் நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனம், தன் தோற்றத்தை 1866 ஆம் ஆண்டில் எழுந்த கொழும்பு ஐஸ் கொம்பனியிலிருந்தே கணக்கிடுகின்றது. கொம்பனித்தெருவிலே நெடுங்காலம் இயங்கிய அதுவே 1941 இல் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. கிறீம் சோடா, நெக்டோ, இஞ்சி பியர் முதலிய அதன் பானங்களை அறியாத இலங்கையர் இலர். பனிக்கட்டி செய்தவரே சோடாவும் செய்பவராயினமை தற்செயலன்று. நீரைக் குளிர்விக்க வல்லவரே இந்நாட்டில் அதனை நுரைக்கச் செய்யவும் வல்லவராயிருந்தனர்.

கொழும்பு அப்போது வளரும் நகரமாயிருந்தது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுக அலைதடுப்பு 1885 இல் நிறைவெய்தியது. கிழக்கும் மேற்கும் செல்லும் கப்பல்கள் கொழும்பிலே தங்கின. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் பலமொழி பேசுவோர் நெருங்கி வாழ்ந்தனர். புனித லூசியா பேராலயமும் பொன்னம்பலவாணேசர் கோயிலும் ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் செல்லும்போது, வழியெங்கும் தாகம் தீர்க்கும் பானங்களுக்குத் தேவை மிகுந்தது. 1904 இலும் 1912 இலும் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கங்கள், மதுவுக்கு மாற்றாக மக்கள் கூடிப் பருகுதற்கேற்ற பானம் யாது என்னும் வினாவை எழுப்பின. நுரைத்தாலும் வெறி தாராத சோடா அவ்வினாவுக்கு ஏற்ற விடையாக நின்றது.

வாயுவைச் சிறைப்படுத்தப் போத்தலும் வேண்டியிருந்தது. தக்கை உலர்ந்தால் வாயு கசியும். ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர், 1870களின் தொடக்கத்தில், கழுத்தினுள்ளே கண்ணாடிக் குண்டொன்றை அடக்கிய போத்தலை ஆக்கினார். உள்ளிருக்கும் வாயுவே குண்டை மேல்நோக்கித் தள்ளி, இறப்பர் வளையத்தோடு இறுக்கி, வாயை அடைத்துவிடும். தமிழகத்தார் இதனைக் கோலிச் சோடா என்பர். கோலி என்பது யாழ்ப்பாணத்தார் போளை என்று வழங்கும் குண்டேயாகும். பின்னர் 1892 இல் வில்லியம் பெயின்டர் என்னும் அமெரிக்கர் தகரமூடிக்குக் காப்புரிமை பெற்றார். தகரமூடி வந்தபின் போளைப் போத்தல் மெல்ல மறைந்தது. தமிழகத்தின் விருதுநகரிலே 1916 இல் தோன்றிய காளிமார்க் போன்ற உள்ளூர் நிறுவனங்களும் இவ்வளர்ச்சியின் பயனைப் பெற்றன.

இவ்வாறு நுரை ஆலைக்கு உரியதாயிற்று. ஆயின் சுவை வீட்டிலேயே இருந்தது. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபின், அரசாங்க உத்தியோகம் பெற்ற யாழ்ப்பாணத்தார் கொழும்பிற் குடியேறுதல் எளிதாயிற்று. வெள்ளவத்தை நாளடைவில் அவர்களது நிலையான குடியிருப்பாயிற்று. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, ஊரிலிருந்து தேசிக்காயையும் மாம்பழத்தையும் முந்திரிகைப் பழத்தையும் ஒரே பகலில் கொழும்புக்குக் கொண்டுவந்தது. குளிரூட்டி இல்லாத வீட்டிலே பழம் பழுதாகாது காப்பதற்குப் பெண்கள் கைக்கொண்ட வழி, சாற்றைச் சீனியோடு சேர்த்துக் கோடியலாக்குதல். விருந்தினர் வந்தால் அயற்கடையிலிருந்து சோடா வாங்கி அதனோடு கலப்பர். வெற்றுப் போத்தல் மறுநாள் கடைக்குத் திரும்பும். நுரையைக் கடை தந்தது; சுவையைக் கை தந்தது. பழச்சோடா என்பது இவ்விரண்டும் சந்தித்த இடமாகும்.

கோடியல் செய்தல் எளிதாகத் தோன்றினும் அதனுள்ளே அறிவு பொதிந்திருந்தது. தேசிக்காய்ப் புளியை நெருப்பில் கொதிக்கவிட்டால் மணம் கெட்டுக் கைப்பு மிகும். ஆதலால் பாகை ஆறவிட்டே புளியை வார்ப்பர். கொடித்தோடம்பழத்தின் விதைகளை அரைத்துவிடாது, சாற்றைத் துணியால் மெல்ல வடித்தெடுப்பர். அன்னாசிக்குக் கராம்பும், மாங்காய்க்குச் சிறிது உப்பும், நெல்லிக்கு இஞ்சியும் சேர்ப்போர் உண்டு. பாகிலே சீனி நூற்றுக்கு 65 பங்கை எட்டுமாயின் பூஞ்சணமும் மதுவமும் அதில் எளிதில் வளரா. அதனிற் குறைந்தால் புளிப்பும் சூடும் தூய போத்தலும் துணைசெய்தல் வேண்டும். வடக்கிலே, 1928 இல் தோலகட்டியில் நிறுவப்பட்ட செபமாலைத் துறவியர் ஆச்சிரமத்தின் நெல்லிரசமும் இம்மரபில் வந்ததே.

வீட்டிலேயே நுரையையும் உண்டாக்க முயன்றோரும் இருந்தனர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரும் பறங்கியரும் நத்தார் காலத்திலே இஞ்சி பியர் ஆக்குவர். இஞ்சி, சீனி, தேசிக்காய், சிறிது மதுவம் ஆகியன சேர்ந்த நீர், கொழும்பு வெப்பத்திலே ஓரிரு நாளில் நுரைத்துவிடும். நொதித்தலின் இயல்பைத் தமிழர் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. பனையிலிருந்து இறங்கும் நீர் வாளா விட்டாற் கள்ளாகும். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீராக இனிமையோடு நிற்கும். நொதித்தலைத் தொடங்கவும் தடுக்கவும் அறிந்த மக்கள் அவர்கள்.

எனினும் மூடிய போத்தலிலே நொதித்தல் ஆபத்தானது. ஒரு லீற்றர் நீரில் 100 கிராம் சீனி இருந்து, அது முழுதும் நொதித்துவிடுமாயின், ஏறக்குறைய 49 கிராம் காபனீரொட்சைட்டுப் பிறக்கும். கொழும்பின் வெப்பத்திலே அதன் கனவளவு 27 லீற்றர் ஆகும். கடைச் சோடாவிலே இருப்பது ஒரு லீற்றருக்கு மூன்று நான்கு லீற்றர் வாயுவே. எனவே, மறந்து வைத்த கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சிதறுதல் வியப்பன்று. அதனாலேயே பழைய இல்லத்தரசியர் போத்தலை நிரம்ப வார்க்காது இடம் விட்டு, துணி சுற்றி, நாள்தோறும் மூடியை இளக்கி, நுரை எழுந்தவுடன் பருகி முடித்தனர். சிறிதளவு மதுசாரமும் அதிற் பிறக்கும் என்பதைச் சிறுவர்க்குக் கொடுப்போர் நினைவில் வைத்தல் வேண்டும்.

மற்றொரு முறை, தேசிக்காய்ப் புளியிலே அப்பச் சோடாவை இடுதல். சித்திரிக்கமிலம் 3 பங்கும் சோடியமிருகாபனேற்று 4 பங்கும் ஒன்றையொன்று ஏறக்குறைய முற்றாக நடுநிலையாக்கும். நுரை உடனே பொங்கும். உடனே அடங்கியும் போகும். உப்புச் சுவை எஞ்சி நிற்கும். அரைலீற்றரை நுரைக்கச் செய்யும் 4 கிராம் அப்பச் சோடாவில் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆதலால் குருதியமுக்கம் உள்ளோர்க்கு இம்முறை ஏற்றதன்று.

அரசியலும் இக்குவளையிற் கலந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது சீனி அரும்பொருளாயிற்று. கூப்பன் சீனியைத் தேநீருக்கே அளந்து பயன்படுத்திய வீடுகளிலே கோடியல் போத்தல்கள் வெறுமையாயின, பனங்கட்டி கைகொடுத்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் சீனியும் வந்தது, குளிரூட்டியும் வந்தது. ஆனால் அதனோடு ஆலைப் பானங்களும் பெருகின. பழத்தைப் பிழிய நேரமில்லாதவர்க்கு நிறமும் மணமும் ஊட்டிய போத்தல் எளிதாயிற்று. நுரையை முன்னரே இழந்திருந்த வீடு, இப்போது சுவையையும் ஆலையிடம் கையளிக்கத் தொடங்கியது.

அதன்மேல் 1983 ஆம் ஆண்டு யூலை மாதம் வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. உயிரிழந்தோர் பலர், உடுத்த உடையோடு அகதி முகாம்களை அடைந்தோர் பல்லாயிரவர். அவ்வழிவின் முன்னே ஒரு பானத்தைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயின், எரிந்த வீட்டிலே எரிவது கூரை மட்டுமன்று. அடுக்களையின் மேற்றட்டிலே வரிசையாக நின்ற போத்தல்களும், எழுதாமலே தாயிடமிருந்து மகள் கற்ற அளவுகளும், அக்குடும்பம் சிதறியபோது சேர்ந்தே சிதறின. கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தோர், இன்று அங்குள்ள தமிழ்க் கடைகளிலே நெக்டோவையும் கிறீம் சோடாவையும் தேடி வாங்குகின்றனர். ஆலையின் சுவை கடல் கடந்து அவர்களைப் பின்தொடர்ந்தது. பாட்டியின் கொடித்தோடைக் கோடியலை அனுப்பிவைக்க எந்த ஆலையும் இல்லை.

இக்காலத்தில் வேறொரு வினாவும் எழுந்துள்ளது. நீரிழிவு நோய் பெருகியதனால், 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களின் மேலே நிறக்குறி இடல் இலங்கையிற் கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2 கிராமிற் குறைந்தாற் பச்சை. 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களிலுள்ள சீனிக்கு வரியும் விதிக்கப்பட்டது. வீட்டிற் செய்தது என்பதனால் மட்டுமே ஒரு பானம் நலந்தருவதாகிவிடாது. சாறும் சீனியும் எடையிற் சரிக்குச் சரி கலந்த கோடியலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு சோடா வார்த்தால், 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 12 கிராம் சீனி இருக்கும். அது சிவப்புக் குறிக்கே உரியது. ஏழு பங்கு சோடா வார்த்தால் 8 கிராமிற் குறையும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலைப் பானத்தைப் பருகுவோன் அளவை ஏற்றுக்கொள்பவன். வீட்டிற் செய்வோன் அளவைத் தானே வகுப்பவன். சிறு உருளையிலடைத்த வாயுவினால் நீரை நுரைக்கச் செய்யும் கருவிகள் இன்று இல்லங்களிலும் புழங்குகின்றன. குளிரூட்டியும் பரவலாகிவிட்டது. ஒருகாலத்தில் பனிக்கட்டி ஆலைக்கே உரியதாயிருந்த வல்லமை மீண்டும் வீட்டின் கையை எட்டியிருக்கின்றது.

எட்டாதது அளவும் பக்குவமுமே. ஆலைகளின் வரலாற்றுக்கு ஆண்டுகள் உண்டு, பதிவேடுகள் உண்டு, இலச்சினைகள் உண்டு. அடுக்களையின் வரலாற்றுக்கு அவை இல்லை. எந்த ஆண்டில் எந்தத் தெருவில் எந்தத் தாய் முதன்முதல் கொடித்தோடையைச் சோடாவோடு கலந்தாள் என்று கூறும் ஏடு இல்லை. இருக்கும் ஏடு முதியோரின் நினைவு ஒன்றே. பாடசாலைகளிலே வரலாறு கற்கும் மாணவர், அரசர்களின் ஆண்டுகளை மனனம் செய்வதோடு, தம் வீட்டு முதியவளிடம் சென்று, எத்தனை பழத்துக்கு எத்தனை சுண்டு சீனி, பாகு எந்தப் பதத்தில் இறக்கவேண்டும், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு எழுதிவைப்பராயின், அதுவும் வரலாற்றுப் பணியேயாகும். கேட்பதற்கு உரியோர் உள்ளபோதே அது செய்யப்படுதல் வேண்டும்.